ஃபுல்டனுக்கு 17 வருடம் முன்னாலேயே படகு ஓடிவிட்டது

"நீராவிப் படகு: ராபர்ட் ஃபுல்டன், 1807." பொது அறிவுப் புத்தகங்கள் இப்படி ஒரே வரியில் முடித்துவிடும். எனக்கு இது சம்மதமில்லை. 1790 கோடையிலேயே ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டெலவேர் ஆற்றில், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, காசு வாங்கி ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு நீராவிப் படகு ஓடியது. ஓட்டியவர் ஜான் ஃபிட்ச்.

கடிகார வேலை, பித்தளை வேலை, வெள்ளி வேலை என்று எல்லாம் பார்த்த மனுஷன். தானே வரைந்து, தகட்டில் செதுக்கி, அச்சடித்த வரைபடத்தை விற்று முதலுக்குக் காசு சேர்த்தார். இங்கிலாந்து இன்ஜினுக்கு வழியில்லை. ஹென்றி வோய்ட் என்ற கடிகாரக்காரரோடு சேர்ந்து சொந்தமாகவே செய்துகொண்டார். 1787 ஆகஸ்டில் வெள்ளோட்டம். அமெரிக்க அரசியல் சாசனம் எழுத அந்த ஊரில் கூடியிருந்தவர்களில் சிலரும் பார்த்தார்கள். பக்கத்துக்கு ஆறு துடுப்பு, பிடிக்க ஆளே இல்லாமல் இன்ஜின் வேகத்தில் தண்ணீரைத் தள்ளின. 1790 படகில் துடுப்புகளைப் பின்பக்கம் கொண்டுபோனார். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 2,000 மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது.

அப்புறம் ஏன் நொடித்துப்போனார்? என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் தப்பு வழித்தடத்தில்தான். டெலவேர் கரையோரம் சமதரை, நல்ல சாலை, குதிரைக் கோச்சு இருக்கிறது. புகை கக்கும் படகில் எவன் ஏறுவான்? ஃபுல்டன் படகு விட்ட ஹட்சன் ஆற்றில் நிலைமையே வேறு. நியூயார்க்கிலிருந்து ஆல்பனி 150 மைல். காற்று கைவிட்டால் பாய்மரப் படகுக்கு நாலு நாள்கூட ஆகும். ஃபுல்டன் 32 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். டிக்கெட் 7 டாலர், அன்றைக்குப் பெரிய காசு, இருந்தும் ஏறினார்கள். இன்ஜினும் இங்கிலாந்தின் பௌல்டன்–வாட் கம்பெனியுடையது. கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை.

வயிறு எரிவது வேறொன்றுக்கு. நியூயார்க் மாநிலம் தன் நீர்வழிகளில் நீராவிப் படகு விடும் தனியுரிமையை 1787-லேயே ஃபிட்சுக்குக் கொடுத்திருந்தது. 1798 மார்ச்சில் சட்டசபை அதைப் பிடுங்கி, செல்வாக்குள்ள ராபர்ட் லிவிங்ஸ்டனுக்குக் கொடுத்தது. ஃபிட்ச் இறந்திருக்க வேண்டும், இல்லை மாநிலத்தைவிட்டே போயிருக்க வேண்டும் என்பது சொன்ன காரணம். மனுஷன் கென்டக்கியில் உயிரோடு இருந்தார், ஜூலையில்தான் இறந்தார். அந்த லிவிங்ஸ்டன்தான் பின்னால் ஃபுல்டனின் கூட்டாளி.

அந்த ஏகபோகத்தை எதிர்த்து கிப்பன்ஸ் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மாநிலம் விட்டு மாநிலம் போகும் படகுகளை அது தடுக்க முடியாது என்று 1824-ல் தீர்ப்பு. வழக்கு நடந்த காலத்தில் கிப்பன்ஸின் படகை ஓட்டி, பிடிக்க வந்த அதிகாரிகளுக்கு டிமிக்கி கொடுத்த கேப்டன் யார் தெரியுமா? பிற்காலத்தில் ரயில்வே கோடீஸ்வரரான வாண்டர்பில்ட்!