தகராறு என்றால் சொன்னதையே சொல்வது

மேலூர் பக்கம் என் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. பெரியாறு பாசனம். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றே அவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் தகராறும் வந்துவிடும். யார் முதலில் மடை திறப்பது? இருபது வருடமாக அதே மடை, அதே வரப்பு, அதே நாலு வசனம்.

மாமா குறள் படித்தவர். அந்தச் சொல்லுக்கு அவரே விளக்கமும் வைத்திருக்கிறார். "தகர்னா கிடா மாப்ள. ஆறுன்னா வழி. கிடா போற வழிதான் தகராறு." சாட்சிக்கு வள்ளுவரையும் கூப்பிடுவார்: 'பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.' முட்டுவதற்காகவே பின்வாங்கும் கிடா. மதுரைப் பக்கம் கிடாமுட்டு பார்த்த எவனும் இதை உடனே நம்பிவிடுவான். நானும் நம்பினேன். டீக்கடையில் நாலு பேருக்குச் சொல்லிப் பெருமையும் பட்டிருக்கிறேன்.

ஆனால் சொல் நம்முடையது இல்லை. அரபியில் 'தக்ரார்'. அதன் பொருள் சண்டை அல்ல. திரும்பத் திரும்பச் செய்வது, சொன்னதையே சொல்வது. பாரசீகம், உருது வழியாக வரும்போது அது வாக்குவாதமாகிவிட்டது. மராத்தியில் அதே சொல்லுக்குப் புகார் என்று பொருள். மலையாளத்தில் பழுது. கேரளாவில் ஒருவர் வண்டி 'தகராறு' என்றால் யாரும் யாரையும் அடிக்கவில்லை, வண்டி நின்றுவிட்டது, அவ்வளவுதான். நாம் இரண்டையும் வைத்துக்கொண்டோம். மாமாவின் மோட்டாரும் தகராறு பண்ணும், பக்கத்து வயல்காரரும் பண்ணுவார்.

கிடாக் கதையைவிட இந்த உண்மைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. தகராறில் யாராவது புதிதாக ஒன்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? முதல் இரண்டு நிமிடத்தில் விஷயம் தீர்ந்துவிடும். மிச்சமெல்லாம் "அன்னைக்கு நீ என்ன சொன்ன?" தான். எதிராளிக்குக் காது கேட்காமல் இல்லை. கேட்டதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் மறுபடி, இன்னும் சத்தமாக.

இதோடு வந்த உறவுக்காரச் சொற்களும் சுவாரசியமானவை. தகராறு முற்றிக் கோர்ட்டுக்குப் போனால் வாய்தா. அதன் மூலப் பொருள் வாக்குறுதி! வாய்தாவுக்கு அலைந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கடைசியில் இரண்டு பேரும் களைத்துப்போனால் ராஜி. அதற்குச் சம்மதம் என்று பொருள். நியாயமாகப் பார்த்தால் ராஜினாமா என்பது சம்மதக் கடிதம். நம்மிடம் அது வேலையை விடும் கடிதமாகிவிட்டது.

பிறமொழிச் சொல்தானே, தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழில் சொல்லலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். சரி, எதைப் போடுவது? ஊடல் கணவன் மனைவிக்கு. பிணக்கு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு முடிந்துவிடும். பூசலைச் செய்தித்தாள்கள் கட்சிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. வழக்கு நல்ல சொல். உலகத்து நடைமுறை, பேச்சு முறை என்றெல்லாம் பொருள் கொண்டது. ஆனால் அது கண்ணகி சிலம்போடு வந்து நின்ற அரசவைச் சொல். 'வழக்குரை காதை' நடந்தது நம்ம ஊரில்தான், மறுக்கவில்லை. அதற்காக மடைச் சண்டைக்கு அவ்வளவு பெரிய சொல்லா? வரப்பில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக் கத்துவதற்குத் தகராறுதான் சரி. இங்கே குடியேறிப் பல தலைமுறை ஆன சொல்லிடம் இப்போது போய்ப் பூர்வீகம் கேட்பது எனக்குச் சம்மதமில்லை.

போன வாரம் மாமாவிடம் இந்த அரபிக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "திரும்பத் திரும்பவா? கிடா மட்டும் ஒரு தடவை முட்டிட்டு நிக்குமா மாப்ள?" என்றார். பதில் வரவில்லை எனக்கு.

மறுநாள் விடிவதற்குள் போன். "மாப்ள, தகர்னா என்ன?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.