ஈ85 ஊத்தினா தானா பவர் வந்துடாது

ஈ85ங்கறது 85 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒருத்தர் போஸ்ட்ல "எத்தனால்ல எனர்ஜி ஜாஸ்தி, அதனாலதான் ஈ85 ஊத்தினதும் டர்போ கார் பறக்குது, டேங்க்ல ஊத்தினா போதும்"னு போட்டிருக்காரு. நிஜம் தலைகீழ் பாஸ். ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு எனர்ஜி கம்மி. அப்புறம் பவர் எங்கேருந்து வருதுன்னா, எத்தனால் ஆவியாகறப்போ பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கு மேல சூட்டை உறிஞ்சும், உள்ள போற காத்து குளிருது, ஆக்டேனும் (நாக்கிங்கை தாங்கற திறன்) அதிகம், அதனால நாக்கிங் (எரிபொருள் தப்பான நேரத்துல தானா வெடிக்கறது) இல்லாம பூஸ்ட்டையும் (இன்ஜினுக்குள்ள திணிக்கற காத்தோட அழுத்தம்) இக்னிஷன் டைமிங்கையும் (ப்ளக் பொறி விடற நேரம்) ஏத்திக்கலாம், அவ்ளோதான் ரகசியம். ஏத்தலைன்னா பெருசா ஒண்ணும் வராது.

ஸ்வீடன் சூப்பர்கார் கோனிக்செக் சிசிஎக்ஸ் பெட்ரோல்ல 806 குதிரைசக்தி, அதோட ஈ85 வெர்ஷன் சிசிஎக்ஸ்ஆர் 1018. அது சும்மா பங்க் மாத்தினதால வந்ததில்ல, ஃபியூயல் சிஸ்டத்தையே மாத்தி பூஸ்ட்டையும் ஏத்தினாங்க.

"டேங்க்ல ஊத்தினா போதும்"ங்கறதுதான் டேஞ்சர். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், ஈ85க்கு 10 கூட இல்ல. அதாவது அதே காத்துக்கு எரிபொருள் நிறைய வேணும். பழைய இன்ஜெக்டரும் பம்பும் தாங்காது, ஃபுல் த்ராட்டில்ல லீனா (காத்துக்கு ஏத்த எரிபொருள் இல்லாம) ஓடி பிஸ்டன் காலி. அதுலயும் அமெரிக்க பங்க்ல ஈ85னு போர்டு இருந்தாலும் எத்தனால் 51லேர்ந்து 83 சதவீதம் வரைக்கும் எது வேணா இருக்கலாம், குளிர்காலத்துல குறைச்சுடுவாங்க. எத்தனால் எவ்ளோ இருக்குன்னு அளக்கற ஃப்ளெக்ஸ் ஃபியூயல் சென்சார் போட்டு ட்யூன் பண்றது இதுக்குத்தான். இல்லன்னா ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் ட்யூப்ல தண்ணி கலந்து எத்தனால் அளவை செக் பண்ணிட்டு ஊத்துங்க.