புயலில் போனவர்

இரண்டு காலத்தில் நடக்கும் நாவல்கள் எனக்கு உயிர். கடலோர ஊர், பழைய வீடு, பேத்தி பரணில் ஏறுவாள், டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைக்கும், ஐம்பது வருஷ ரகசியம் வெளியே வரும். விடிய விடியப் படிப்பேன். ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் என்னால் நம்ப முடிவதில்லை. எங்கள் வீட்டு ரகசியம் எல்லார் கண்முன்னாலும்தான் நடமாடியது.

தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வருவார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்ததால் எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியான கணக்கே கிடையாது.

"அவுக புயல்ல போயிட்டாக" என்று ஊருக்குச் சொன்னது அப்பத்தாதான். ஆனால் தாலியைக் கழற்றவில்லை. தினமும் கிணற்றடியில் மஞ்சள் பூசிக் குளித்து, கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகும். யாராவது இழுத்துப் பேசினால், "உடம்பு கெடைக்கலையே" என்று முடித்துவிடும். அந்தக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். ஒருவரும் கேட்கவில்லை.

கொழும்பில் தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்பது அப்பத்தாவின் காரியத்தன்றுதான் பேச்சில் வந்தது. பெரியவர்களுக்கு முன்பே தெரியுமாம்!

புயலடித்த அதே 1964 அக்டோபரில்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. இங்கேயா, அங்கேயா என்று எத்தனையோ வீடுகள் தவித்த நேரம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கப்பல்துறையே இல்லாமல் போயிற்று. வராதவருக்கு அது ஒரு காரணம், காத்திருந்தவளுக்கு அது ஒரு மரியாதை. இதைத் தமிழில் யாராவது நாவலாக எழுத வேண்டும். 1964 ஒரு பக்கம் ஓடட்டும். இன்றைய பகுதியில் யாரும் பரணில் ஏற வேண்டாம். பார்த்தும் கேட்காமல் இருந்தவர்களை எழுதட்டும்.

போன வருஷம் அப்பாவை தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போனேன். வழியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிழக்கே, தலைமன்னார் இருக்கும் பக்கம் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

"18 மைல்தான்டா" என்றார். அப்புறம் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.