எந்த வழியாக வருகிறது?

சித்தப்பாவுக்கு டி.பி. என்று தெரிந்த அன்றே வீட்டில் அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வந்துவிட்டன. அவர் துண்டை யாரும் தொடவில்லை. குளிர்காற்று பட்டால் இருமல் கூடுமே என்று அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலை இறுக்கிச் சாத்திவைத்தோம். அந்த அறைக்குள்தான் மாறி மாறி உட்கார்ந்து துணையிருந்தோம்.

பயந்தது நியாயம்தான். பயந்த இடம்தான் தவறு. காசநோய் தட்டு, டம்ளர், துண்டு வழியாகப் பரவுவதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் மிக நுண்ணிய துளிகளில் கிருமி வெளியேறி, மூடிய அறைக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுப்பவருக்குத்தான் தொற்றுகிறது. தட்டைக் கண்டு நடுங்கிய நாங்கள், திறந்திருக்க வேண்டிய ஜன்னலை அடைத்துவைத்திருந்தோம்.

அன்றிலிருந்து எந்தத் தொற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அது எந்த வழியாக வருகிறது? கிருமியின் பெயர், அது எவ்வளவு கொடியது என்பதெல்லாம் அப்புறம். வழி தெரியாமல் நாம் காட்டும் எச்சரிக்கை நோயாளியை வதைக்கிறது. கிருமி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கிருமியைப் பார்க்காமலேயே வழியைக் கண்டுபிடித்தவர் ஜான் ஸ்னோ என்ற ஆங்கிலேய மருத்துவர். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா. கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம். ஸ்னோ வீடு வீடாகப் போய், யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அருகிலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, தப்பித்தார்கள். காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே! செப்டம்பர் 8ஆம் தேதி குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்று ஸ்னோவே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. காலரா கிருமியை அதே ஆண்டு இத்தாலியில் பிலிப்போ பச்சினி நுண்ணோக்கியில் கண்டிருந்தும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியபோது ஸ்னோ இறந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வழி மாறினால் செய்ய வேண்டியதும் மாறுகிறது. டெங்கு நோயாளியைத் தொட்டால் டெங்கு வராது. ஆனால் அவரைக் கொசுவலைக்குள் படுக்கவைக்க வேண்டும், பகலிலும். ஏடிஸ் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், அவரைக் கடித்த கொசு கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். வாந்தி பேதி தரும் நோரோவைரஸுக்கு சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தட்டம்மைக் கிருமியோ, நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பே அவர் பரப்பத் தொடங்கிவிடுவார், அதனால் பார்த்து ஒதுங்கிக்கொள்வது நடக்காத காரியம். தடுப்பூசிதான் ஒரே கதி.

பெரியவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே கொரோனா காற்றில் பரவாது என்று சொன்னது, பிறகு மாற்றிக்கொண்டது. அதற்குள் எத்தனை பேர் காய்கறியைக் கழுவிக் கழுவி வைத்துவிட்டு, மூடிய அறைகளில் கூடியிருந்தோம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிருமி உள்ளே போவதால் மட்டும் நோய் வந்துவிடாது. உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குக் காசநோய்த் தொற்று ஏற்பட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகைப்பழக்கம் எல்லாம் அந்தக் கதவைத் திறந்துவிடுகின்றன. சித்தப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அது பற்றி அன்று வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலான நோயாளிகளிடமிருந்து தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். சித்தப்பா ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமானார். ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டால், பையிலிருந்து தன் டம்ளரை எடுத்துத்தான் நீட்டுகிறார். வேண்டாம் சித்தப்பா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.