பௌர்ணமிக்கும் பைத்தியத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

"பௌர்ணமி இரவில் மனநோய் முற்றும், ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதும், அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் சுற்றுகிறது. நிரூபிக்கவில்லை. 1985இல் ராட்டன், கெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் இது பற்றிய 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நிலவின் பங்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை.

"கடலையே இழுக்கிற நிலா நம்மை விடுமா?" என்று காசிமேட்டில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அமாவாசைக்கும் கடல் அப்படித்தான் ஏறும், அது என்னைவிட அவருக்கே நன்றாகத் தெரியும், அப்புறம் ஏன் பௌர்ணமி மேல் மட்டும் பழி? பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசத்தில்தான் கடல் ஏறுகிறது. ஆறடி ஆளுக்குள் அந்த வித்தியாசம் இல்லாத மாதிரிதான்.

சரி, பிறகு ஏன் உண்மை போலத் தோன்றுகிறது? பௌர்ணமியன்று தெருவில் சண்டை வந்தால் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், மனதில் பதிந்துவிடுகிறது. சண்டையே இல்லாத பௌர்ணமியையும், தேய்பிறையில் மண்டை உடைந்ததையும் யார் எண்ணினார்கள்? உளவியலில் இதற்கு மாயத் தொடர்பு என்று பெயர். பௌர்ணமியில் சண்டை நடந்தது, நடக்காதது, மற்ற நாளில் நடந்தது, நடக்காதது என நான்கு கட்டத்தையும் நிரப்பிவிட்டு வந்தால் பேசலாம்.