பேங்காக் முதல் தடவையா? அறையை காவோ சானில் போடாதீர்கள்

முதுகுப்பையோடு பேங்காக் கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் யோசிக்காமல் காவோ சான் சாலையில்தான் படுக்கை பிடிக்கிறார்கள். எண்பதுகளிலிருந்து வரும் பெயர், விடுதிகளும் மலிவு. ஆனால் முதல் இரண்டு மூன்று இரவுக்கு அது தப்பான இடம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் ஒன்றுதான்: அந்தத் தெருவுக்கு ரயில் கிடையாது. பக்கத்து மெட்ரோ நிலையமான சாம் யோட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். எங்கே போவதானாலும் டுக்டுக் என்ற அந்த ஊர் ஆட்டோவிலோ டாக்சியிலோ ஏற வேண்டியிருக்கும். ஊர் பழகாத முதல் நாட்களில் காசு கரைவது அங்கேதான். இரவு இரண்டு மணி வரை பாட்டுச் சத்தம் வேறு.

அதற்குப் பதிலாக மெட்ரோ நீலப் பாதையில் சாம் யோட், வாட் மங்கோன், ஹுவா லம்போங் இந்த மூன்று நிலையங்களில் ஒன்றின் பக்கத்தில் அறை பாருங்கள். சைனாடவுன் பகுதிதான். பலர் சேர்ந்து தங்கும் டார்ம் அறையில் ஒரு படுக்கை பொதுவாக 300 முதல் 500 பாட் (தாய்லாந்து நாணயம்). முதல் வாரத்தில் உங்களுக்குத் தேவைப்படும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே பாதையை ஒட்டி இருக்கின்றன.

விமான நிலையத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். கிளம்பும் முன் வீட்டிலேயே தாய்லாந்து அரசின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். 2025 மே 1 முதல் இது கட்டாயம், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

பெரிய விமான நிலையமான சுவர்ணபூமியில் இறங்கினால், வெளியே வந்ததும் கண்ணில் படும் பணமாற்றுக் கவுன்டர்களைத் தாண்டி நேராக அடித்தளத்துக்கு இறங்குங்கள். ரயில் நிலையத்தை ஒட்டி சூப்பர் ரிச் போன்ற சிறிய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும். மேலே தரும் விலைக்கும் கீழே தரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆகும். நூறு டாலர் நோட்டுக்குத்தான் நல்ல விலை, சின்ன நோட்டுகளுக்குக் குறைவு. கிழிசல், பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டை வாங்க மாட்டார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

ஏடிஎம்மை நம்பிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டுக் கார்டுக்கு அங்குள்ள வங்கிகள் ஒவ்வொரு தடவையும் 220 பாட் அளவில் கட்டணம் பிடிக்கின்றன. 2,000 பாட் எடுத்தால் அதுவே 11 சதவீதம். 10,000 எடுத்தால் 2.2 சதவீதம். எடுப்பதானால் ஒரே தடவையாக எடுங்கள். கடைசித் திரையில் ரூபாயில் இவ்வளவு ஆகும், சம்மதமா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். பணம் எப்படியும் வரும், மாற்று விலையை உங்கள் வங்கி போடும், அதுதான் லாபம். தெருக்கடைகளில் தொங்கும் கியூஆர் அட்டை பெரும்பாலும் தாய்லாந்து வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. ஜிபேயைத் திறந்து நிற்காதீர்கள், சில்லறை வைத்திருங்கள். ஆயிரம் பாட் நோட்டை செவன் லெவனில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துவிட்டால் நல்லது, தள்ளுவண்டிக்காரரிடம் நீட்டினால் மீதி இருக்காது.

அதே அடித்தளத்தில் ஏர்போர்ட் ரயில் லிங்க். கடைசி நிலையமான பயா தாய் வரை போனாலே 45 பாட்தான். நீங்கள் மக்காசனில் இறங்கி, மேம்பால நடைபாதை வழியே பெட்சபுரி மெட்ரோவுக்கு நடந்து, லக் சாங் என்று பலகை காட்டும் வண்டியில் ஏறினால் சாம் யோட் வரை மாற வேண்டியதில்லை. மெட்ரோ கதவில் விசா, மாஸ்டர்கார்டு டேப் செய்தால் போதும், டிக்கெட் வரிசை இல்லை. இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் இரண்டு வகை. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் டேப் வசதியையும் முடுக்காமல் போனவர்கள் ஒன்று. உள்ளே ஒரு கார்டு, வெளியே வேறு கார்டு காட்டுகிறவர்கள் இன்னொன்று. ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். பிடிஎஸ் எனப்படும் மேம்பால ரயில் வேறு நிறுவனம், அதற்குத் தனி டிக்கெட்.

இன்னொரு விமான நிலையமான டான் மியாங்கில் இறங்குகிறவர்களுக்கும் இதே பாதைதான். சிவப்புப் பாதை ரயிலில் க்ருங் தேப் அபிவாத் என்ற பெரிய ரயில் நிலையத்துக்கு வந்து, கீழே பாங் சூ மெட்ரோவில் மாறினால் நீலப் பாதை.

நள்ளிரவுக்கு மேல் இறங்கினால் ரயில் ஓடாது. சுவர்ணபூமியில் முதல் தளத்துக்குப் போய் டாக்சி இயந்திரத்தில் சீட்டு எடுங்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், அதோடு நிலையக் கட்டணம் 50 பாட், டோல் உங்கள் பொறுப்பு. அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள், தகராறு வந்தால் வண்டி எண்ணுக்கு அதுதான் ஆதாரம். விடுதி முகவரியைத் தாய் எழுத்தில் படமாகப் போனில் வைத்திருங்கள்.

கிராண்ட் பேலஸ் எனப்படும் அரண்மனைக்குப் போகிற நாளில் அதே நீலப் பாதையில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். இங்கேதான் ஊரின் மிகப் பழைய ஏமாற்று நடக்கிறது. பார்வையாளர் நுழையும் வாசல் வடக்கே நா பிரா லான் சாலையில் இருக்கிறது. மெட்ரோவிலிருந்து வருகிறவர் வெள்ளை மதிலை ஒட்டியே வெகுதூரம் நடக்க வேண்டும், வழியில் வரும் கதவுகள் எல்லாம் மூடியிருக்கும். அந்த நேரம் பார்த்து, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் வந்து இன்று பூஜை, மதியம்தான் திறப்பார்கள் என்பார். மூடிய கதவு எதிரிலேயே இருப்பதால் நம்பத் தோன்றும். இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டும் டுக்டுக் தயாராக நிற்கும், அது போய் நிற்பது ரத்தினக் கல் கடையில். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். டிக்கெட் காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை தருகிறார்கள், 500 பாட். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டைக்கு அனுமதி இல்லை.

திரும்பும்போது ஆற்றில் வாருங்கள். சாவ் பிரயா விரைவுப் படகில் ஆரஞ்சுக் கொடி கட்டியது எங்கே இறங்கினாலும் 16 பாட். நீலக் கொடி சுற்றுலாப் படகு, விலை கூடுதல். படகுத்துறை மேசையில் இருப்பவர் நீலத்தைத்தான் கை காட்டுவார். ஆரஞ்சுக்கு அந்த மேசையில் சீட்டு வாங்க நிற்க வேண்டாம், ஏறி உட்காருங்கள். நீளமான தகர உருளையைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு நடத்துனர் உங்களிடமே வந்து சீட்டுக் கிழிப்பார். பின்னால் நிற்பவர் விசில் அடித்ததும் படகு துறையை முட்டும், சில நொடிதான் நிற்கும். இறங்க வேண்டியவர் முன்கூட்டியே பின்பக்கம் போய் நிற்க வேண்டும். மாலை தாண்டினால் ஆரஞ்சு ஓடாது.

சைவக்காரர்களுக்குத்தான் சிரமம். காய் மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் உள்ளே இருக்கும், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 மாதிரி இருக்கும் பலகையைத் தேடுங்கள். அந்தக் கடையில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் இருக்காது. சாம் யோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இந்தியக் கடைகள் உள்ள பஹுரத் பகுதியில் சப்பாத்தி, பருப்பு கிடைக்கும்.

நம் மூன்று குண்டு முனை பிளக் அங்கே நுழையாது, இரண்டு முனை நுழையும். லேப்டாப் கொண்டுபோகிறவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே உள்ள சியாங் மாய் நகருக்கு ரயிலில் போவதாக இருந்தால், 2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்கள் ஹுவா லம்போங்கிலிருந்து கிளம்புவதில்லை. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். க்ருங் தேப் அபிவாத்துக்குப் போக வேண்டும், அதே நீலப் பாதையில் பாங் சூ நிலையம். இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் கீழ்ப் படுக்கை அகலமானது, ஜன்னலும் உண்டு, விலை கொஞ்சம் கூடுதல். அதுதான் முதலில் தீரும், தேதி முடிவானதும் வாங்கிவிடுங்கள்.