ஜனவரி யாரிடமும் கடன் வாங்கவில்லை
ஜனவரி 29, 30, 31 தேதிகளை ‘மெர்லா நாட்கள்’ (மெர்லா என்பது கரும்பறவை) என்று வட இத்தாலியின் லொம்பார்டியில் அழைப்பது, ஜனவரிக்கு 28 நாட்களே இருந்து, அது பிப்ரவரியிடம் மூன்று நாள் கடன் வாங்கிய ரோமானியக் காலத்தின் நினைவு என்கிறது மேலேயுள்ள கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. சீசருக்கு முன்பே ஜனவரிக்கு 29 நாட்கள், கி.மு. 46-இல் அவர் செய்த திருத்தத்தில் 31 ஆயிற்று. பிப்ரவரி எதையும் இழக்கவில்லை. ஸ்காட்லாந்திலும் ஸ்பெயினிலும் இதே கதையில் மார்ச் மாதம் ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் வாங்குகிறது. ரோமானிய நாட்காட்டியில் மார்ச்சுக்கு எப்போதுமே 31 நாட்கள்தான்! ஆகவே கடன் வாங்குவது கதைசொல்லிகளின் உத்தி, வரலாறு அல்ல. வெள்ளையாயிருந்த மெர்லா புகைபோக்கியில் ஒளிந்து புகையால் கறுத்ததுதான் மூலக்கதை என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதுவும் ஐயத்துக்குரியது. பெண் மெர்லா கறுப்பே அல்ல, பழுப்பு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலியக் கவிஞர் தாந்தே, தம் ‘தெய்வீக நாடக’த்தின் இரண்டாம் பகுதியான ‘புர்கதோரியோ’வின் 13-ஆம் காண்டத்தில், சற்று வெயில் கண்டதும் ‘இனி உனக்கு அஞ்சேன்’ என்று செருக்கும் பறவையைக் காட்டுகிறார். அங்கே புகையும் இல்லை, நிறமாற்றமும் இல்லை. அந்தச் செருக்கைத்தான் நான் இந்தக் கதையின் வேர் என்பேன். மெர்லா நாட்கள் குளிர்ந்தால் வசந்தம் நன்றாயிருக்கும், வெதுவெதுப்பாயிருந்தால் வசந்தம் தாமதமாகும் என்ற பழமொழியும் அதனுடன்தான் பொருந்துகிறது.